அப்ரண்டிஸ் 14,000, பிபிஓ 17,500: டேட்டா இன்ஜினியர் ஆக எது வழி? (கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன்)

கோத்தகிரிக்_குளிர் | ஜூன் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இந்த ஃபோரத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோத்தகிரிக்கும் அரவேணுவுக்கும் நடுவில் எங்கள் ஹட்டி (படுகர் கிராமம்). அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இந்த ஏப்ரலில் முடித்தேன். இப்போது கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று கோவையில் ஒரு பிபிஓ, மாதம் 17,500, இரவு ஷிப்ட். இன்னொன்று சரவணம்பட்டியில் ஒரு சின்ன நிறுவனம், டேட்டா டீமில் ஒரு வருட அப்ரண்டிஸ், மாதம் 14,000. அதற்குப் பிறகு வேலை தருவோம் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பட்டம் வாங்கியும் அப்ரண்டிஸா, அது ஐடிஐ பையன்களுக்குத்தானே என்கிறார் அப்பா. சித்தப்பாவுக்கு 17,500தான் கண்ணில் நிற்கிறது. எனக்கு டேட்டா இன்ஜினியரிங் பிடித்திருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வேலையில் தினமும் என்ன செய்வார்கள் என்பதே எனக்கு முழுசாகத் தெரியாது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மசினகுடி_மண்புழுதி | ஜூன் 14, இரவு 10.15

17,500ஐ வாங்கிக்கொண்டு போங்கள்.

நான் அப்ரண்டிஸ் முடித்தவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடிதத்தில் 'டேட்டா அனலிடிக்ஸ் டிரெய்னி' என்று போட்டிருந்தது. செய்ததெல்லாம் பிடிஎஃப்பைப் பார்த்து எக்செல்லில் தட்டியது, ஐடி கார்டு லேமினேட் செய்தது, மேனேஜர் வீட்டு கரண்ட் பில் கட்டியது. முழுசாகப் பன்னிரண்டு மாதம். கடைசி நாள் ஒரு கேக் வெட்டினார்கள், அடுத்த வாரம் என் நாற்காலியில் புது அப்ரண்டிஸ் உட்கார்ந்திருந்தான். குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதற்கு வைத்த பெயர்தான் அப்ரண்டிஸ்.


தேவாலா_மழை | ஜூன் 15, காலை 7.05

மண்புழுதி சொல்வது பொய்யில்லை, எனக்குத் தெரிந்தே நாலு பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் நானும் அப்ரண்டிஸாக நுழைந்தவன்தான், இந்த வேலையில் ஏழு வருஷம் ஆகிறது. எங்களுக்குள் இருந்த வித்தியாசம் ஒன்றுதான். என் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா இருந்தார், நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் படிப்பார். மண்புழுதிக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை.

முதலில் இந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஒரு நிறுவனத்தில் தகவல் பத்து இடத்தில் கிடக்கும். பில்லிங் மென்பொருளில் கொஞ்சம், எக்செல் கோப்பில் கொஞ்சம், இயந்திரத்திலிருந்து வருவது கொஞ்சம், யாரோ மெயிலில் அனுப்புவது கொஞ்சம். இதையெல்லாம் தினமும் தவறாமல் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, குப்பையை நீக்கி, காலை ஒன்பது மணிக்கு முதலாளி பார்க்கும் அறிக்கையில் சரியான எண் வரும்படி செய்வதுதான் வேலை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஊற்றிலிருந்து தொட்டிக்குக் குழாய் போடுகிறவர் நாம். குழாயை ஒரு தடவை போட்டுவிடலாம். நடுராத்திரி அடைத்துக்கொண்டால் எங்கே அடைத்தது என்று தேடுவதுதான் பாதி வேலை.

எதைப் படிப்பது என்று கேட்பாய். எஸ்க்யூஎல்தான், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. அது 1974இல் ஐபிஎம்மில் பிறந்தது. பெரிய அளவுத் தரவைக் கையாளும் ஸ்பார்க் 2009இல் பெர்க்லியில் வந்தது, வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ 2014இல் ஏர்பிஎன்பியில் எழுதப்பட்டது. கருவிகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இன்றைக்கும் என் நாளில் பாதிக்கு மேல் எஸ்க்யூஎல்லிலேயே போகிறது. ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது), குரூப் பை (வகைவாரியாகக் கூட்டுவது), விண்டோ ஃபங்ஷன் (முன்பின் வரிசைகளோடு சேர்த்துக் கணக்கிடுவது) இந்த மூன்றும் கைக்கு வர வேண்டும். அப்புறம் பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து படித்து எழுதத் தெரிந்தால் போதும். லினக்ஸ் கட்டளைகள் இருபது, கிட் (எழுதியதில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). ஸ்பார்க், காஃப்கா மாதிரிப் பெரிய கருவிகள் எல்லாம் உள்ளே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் படித்தால் பெயர் தெரியும், எதற்கு வந்தது என்று தெரியாது.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராத விஷயம். என் மூன்றாவது மாதத்தில் ஒரு இரவு, தரவை ஏற்றும் வேலை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது, தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அன்றைய விற்பனை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முதல் ஓட்டத்தில் பாதி வரிசைகள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன, அதன் மேல் நான் மறுபடி எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். விற்பனைப் பிரிவில் ஒருவர் மகிழ்ச்சியில் எல்லாருக்கும் மெயிலே போட்டுவிட்டார். அந்த அக்கா திட்டவில்லை. "அந்த நாளின் வரிசைகளை முதலில் அழி, அப்புறம் ஏற்று. பத்து தடவை ஓட்டினாலும் ஒரே பதில் வரணும்" என்றார். ஐடெம்பொடன்ட் என்று இதற்கு ஒரு பெரிய பெயர் இருப்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேள். யார் பக்கத்தில் என்னை உட்கார வைப்பீர்கள்? முதல் மூன்று மாதத்தில் நான் எழுதும் நிரலை (code) யார் படிப்பார்கள்? ஒரு ஆளைச் சொன்னார்கள் என்றால் போ. "எங்கள் டீம் சப்போர்ட்டிவாக இருக்கும்" என்று இழுத்தால் மண்புழுதி சொன்னதைக் கேள்.


அரவங்காடு_ரிட்டயர்டு | ஜூன் 15, காலை 11.30

அப்ரண்டிஸ் என்றால் கேவலம் இல்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லம்மா. நான் அரவங்காடு கார்டைட் (வெடிமருந்து) பேக்டரியில் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அங்கேயே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இந்த மலையில் அந்த அப்ரண்டிஸ் கிடைப்பதற்குப் போட்டி இருந்தது. கிடைத்த வீட்டில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

முதல் நாள் கையில் ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும் கொடுத்து, சதுரமாக ராவு என்றார்கள். ராவி ராவி மட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மூலையில் வெளிச்சம் தெரியும். மறுபடி ராவு. வாரக்கணக்கில் அதே வேலை. கை கொப்பளித்துப்போகும். மாஸ்டர் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் பேசமாட்டார். (ஆலைக்குள் பீடியா என்று யாரும் கேட்க வேண்டாம். பயிற்சிக் கூடத்துக்கு வெளியே, இடைவேளையில்.) தேவாலா தம்பி சொல்கிற அந்த அக்கா மாதிரிதான் எங்கள் மாஸ்டரும்.

கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒப்பந்தம் அரசாங்கத்தில் பதிவாகுமா? எங்களுக்குப் பதிவு இருந்தது, முடிவில் பரீட்சை இருந்தது, சான்றிதழ் இருந்தது. அது இல்லாமல் வெறும் கடிதத்தை நம்பிப் போகாதே.


குன்னூர்_கணக்குப்பிள்ளை | ஜூன் 15, பிற்பகல் 2.10

ஐயா கேட்டது சரியான கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அப்ரண்டிஸ்களின் காகித வேலையை இரண்டு வருஷம் நான்தான் பார்த்தேன், அதனால் சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அப்போது அது ஃபிட்டர், டர்னர் மாதிரித் தொழில்களுக்கு. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் வந்தார்கள். 2014 திருத்தத்தில்தான் பி.எஸ்சி., பி.காம். போன்ற மற்றப் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. அதனால் 'ஐடிஐ பையன்களுக்குத்தானே' என்று அப்பா நினைப்பதில் தப்பில்லை, அவர் பார்த்த காலம் அது. 2019 விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். மண்புழுதிக்கு நடந்தது மாதிரி, கணக்குக் காட்டுவதற்காக மட்டும் ஆள் எடுப்பது இங்கிருந்துதான் வருகிறது.

பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அந்த 2019 விதியில் 9,000 என்று இருந்தது. இதை 36 சதவீதம் ஏற்றலாம் என்று மத்திய பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. உங்களுக்கு 14,000 என்றால் குறைந்தபட்சத்துக்கு மேலேதான் தருகிறார்கள். நேட்ஸ் என்ற தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அந்தப் பங்கு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், ஆதார் இணைத்த கணக்கு தேவை. ஆனால் அரசுப் பங்கு மாதா மாதம் ஒண்ணாம் தேதி வரும் என்று நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். பிஎஃப் கிடையாது. முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. கடிதத்தில் வேலை உத்தரவாதம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது இல்லாததுதான் நேர்மையான கடிதம்.

ஒப்பந்தம் அரசின் போர்ட்டலில் பதிவானதும் அதற்கு ஒரு எண் வரும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தொழில் அல்லது பணிப் பிரிவு என்று என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பேச்சில் டேட்டா டீம் என்பார்கள், பதிவில் 'டொமஸ்டிக் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்' என்று இருக்கும். இரண்டிலும் 'டேட்டா' இருக்கிறது, அதோடு ஒற்றுமை முடிந்தது.

கடைசியாக, முடிவெடுப்பதற்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருப்பவர்களை இந்த அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. பிபிஓவுக்குப் போய் ஒரு வருஷம் கழித்து அப்ரண்டிஸ் பார்க்கலாம் என்றால் கதவு சாத்தியிருக்கும். அப்ரண்டிஸ் முடித்துவிட்டு பிபிஓவுக்குப் போக யாரும் தடை சொல்லமாட்டார்கள்.


மசினகுடி_மண்புழுதி | ஜூன் 15, மாலை 6.50

அட, என் ஒப்பந்தத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். நாலு வருஷமாக அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. மேனேஜரின் கரண்ட் பில் மட்டும் அதில் இல்லை.


கோத்தகிரிக்_குளிர் | ஜூன் 16, இரவு 8.20

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். டேட்டா டீமில் மொத்தமே ஆறு பேராம். ஒரு சீனியர் மேடத்துடன் உட்கார வேண்டும், அவர்தான் என் நிரலைப் பார்ப்பார் என்று பெயரோடு சொன்னார்கள். ஆடிப்போய்விட்டேன், ஏனென்றால் அந்த மேடமே போனை வாங்கி, "அடுத்த வாரம் ஒரு தடவை பேசலாம், நீங்களே செய்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. கல்லூரி புராஜெக்ட் நூலக மேலாண்மை, அது யாருடையதைப் பார்த்து எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும். லேப்டாப் 4 ஜிபி. மழை பிடித்தால் எங்கள் பக்கம் நெட்டும் போகும், கரண்டும் போகும். ஒரு வாரத்தில் என்ன செய்யலாம்? கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் 45,000 கட்டினால் 'இண்டஸ்ட்ரி புராஜெக்ட்' தருகிறார்களாம். தோழி சொன்னாள்.


கொடை_குறிஞ்சி | ஜூன் 16, இரவு 9.05

கட்டாதீர்கள். கட்டவே கட்டாதீர்கள். நான் கட்டினேன். எனக்குக் கொடுத்த 'இண்டஸ்ட்ரி புராஜெக்ட்'டைத்தான் என் பேட்சில் நாற்பது பேருக்கும் கொடுத்தார்கள். இன்டர்வியூவில் அதைத் திறந்ததும் எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார், அன்று காலையில் அவருக்கு அது மூன்றாவது தடவையாம்.

இலவசமாகக் கிடைக்கும் நிஜத் தரவுகள் நம் மலைகளிலேயே இருக்கின்றன. எங்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யாரும் எடுத்துப் பார்க்கலாம். எந்த நாளில் படம் இருக்கிறது, எந்த நாளில் இல்லை என்று ஒரு அட்டவணை போட்டாலே நல்ல பயிற்சி. மேகம் மூடிய நாட்களெல்லாம் ஓட்டையாகத் தெரியும். நூறு வருஷத்து கொடைக்கானல் மழைக்காலம் சூரியன் படத்தில் தெரிவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆசை வந்துவிடும்.


தேவாலா_மழை | ஜூன் 16, இரவு 9.40

குறிஞ்சி சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம்தான் இருக்கிறது, வீட்டிலிருந்தே தொடங்கு. அப்பா ஏஜென்டிடம் தேயிலை இலை போடுகிறாரே, அதற்கு ரசீது வைத்திருக்கிறாரா?


கோத்தகிரிக்_குளிர் | ஜூன் 16, இரவு 9.52

பிஸ்கட் டப்பாவில் இரண்டு வருஷத்து ரசீது இருக்கிறது, அண்ணா. எடைச் சீட்டு. சிலது எலி கடித்தது.


குன்னூர்_கணக்குப்பிள்ளை | ஜூன் 16, இரவு 10.30

எலி கடித்ததும் சேர்த்துத்தான் டேட்டா. வேலைக்குப் போனாலும் அதேதான் வரும்.

இலைக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு இலை போட்டால் எடை இன்றைக்கே தெரியும், விலை தெரியாது. குன்னூர் ஏலம் வியாழன், வெள்ளியில் நடக்கிறது. மாதம் முடிந்து ஏல சராசரியை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாவட்டத்துக்கான பச்சைத் தேயிலை விலையை அறிவிக்கும். நடுவில் ஏஜென்ட் அட்வான்ஸ் கொடுப்பார். அதாவது போன மாதம் எழுதிய வரிசைகளுக்கு இந்த மாதம்தான் விலை வந்து சேரும். எங்கள் அலுவலகத்தில் இதற்காகவே ஒரு தனி லெட்ஜர்.


தேவாலா_மழை | ஜூன் 16, இரவு 10.48

இதற்கு எங்கள் தொழிலில் 'லேட் அரைவிங் டேட்டா' என்று பெயர். பெரிய கம்பெனி இன்டர்வியூவில் கேட்கும் கேள்வி இது. உங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.

4 ஜிபி லேப்டாப் போதும். டக்டிபி என்ற சின்னத் தரவுத்தள மென்பொருளைப் போட்டுக்கொள், போட்ட பிறகு நெட் தேவையில்லை, கணக்கே திறக்க வேண்டாம். ரசீதை எக்செல்லில் தட்டு. தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுது, இல்லாவிட்டால் மே 6 எங்கேயாவது ஜூன் 5 ஆகிவிடும். தட்டியதை அப்படியே ஒரு அட்டவணையில் வை, அதைத் தொடாதே. திருத்தியதை இரண்டாவது அட்டவணையில் வை. விலை மூன்றாவது. ஜாயின் செய். எத்தனை ரசீது?


கோத்தகிரிக்_குளிர் | ஜூன் 19, இரவு 11.10

மொத்தம் 412. அம்மாவும் தம்பியும் படித்துச் சொல்ல நான் தட்டினேன். மூன்று நாள் ஆனது. இரண்டு நாள் கரண்ட் இல்லை, லேப்டாப் சார்ஜ் தீர்ந்ததும் நோட்டில் எழுதி வைத்தேன்.

மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன். ரசீது எண்ணை வைத்து ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் புது ரசீதுப் புத்தகம் தொடங்கினால் எண் மறுபடி 1. அதனால் 17ஆம் எண் மட்டும் ஆறு தடவை இருக்கிறது. தேதியையும் எண்ணையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஒன்றுக்கு ஒன்று பிரிகிறது. அடுத்து, சில நாளுக்கு வெள்ளைத் தாளும் அதன் கார்பன் காப்பியும் இரண்டுமே டப்பாவில் இருந்தன. இரண்டையும் தட்டிவிட்டேன். போன வருஷம் செப்டம்பரில் நாங்கள் ரொம்பப் பணக்காரர்களாக இருந்தோம், கொஞ்ச நேரம்.

இதில் அப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தொங்கு தராசில் மூட்டையை நிறுத்துதான் அனுப்புவார், அந்த எடையைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார். அந்தத் தாள்களையும் கட்டி வைத்திருக்கிறார்! அதையும் ஏற்றி ரசீதோடு ஜாயின் செய் என்கிறார். ஜாயின் என்ற வார்த்தையை அவரே சொல்கிறார்.


அரவங்காடு_ரிட்டயர்டு | ஜூன் 20, காலை 6.15

அப்பா வழிக்கு வந்துவிட்டார்.


லீட்ஸ்_குன்னூரான் | ஜூன் 20, பிற்பகல் 4.30

இங்கிலாந்திலிருந்து ஒரு குறிப்பு. மனைவி இங்கே நர்ஸ். இங்கே டேட்டா இன்ஜினியர் என்றே லெவல் 5இல் ஒரு அப்ரண்டிஸ்ஷிப் இருக்கிறது. அப்ரண்டிஸ் இங்கே ஊழியர், வேலை ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் உண்டு. சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் 2017 ஏப்ரல் முதல் 0.5 சதவீதம் வரி வாங்குகிறார்கள், பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. யூடியூபில் யாராவது 'அப்ரண்டிஸாகி லட்சம் சம்பாதித்தேன்' என்றால் எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை இங்கே ஒட்ட வைக்காதீர்கள்.


மசினகுடி_மண்புழுதி | ஜூன் 20, இரவு 8.00

எல்லாரும் அக்கா, மாஸ்டர் என்று உருகுகிறீர்கள். பணக் கணக்கை யாரும் பேசவில்லையே. கோவையில் லேடீஸ் ஹாஸ்டல் சாப்பாட்டோடு 6,500க்குக் குறைந்து எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பஸ், போன், சோப்பு, சீப்பு 2,000. மாதம் இரண்டு தடவை மலை ஏறி இறங்க 500. ஆக 9,000 போய்விடும். 14,000இல் மிச்சம் 5,000, அதுவும் அரசுப் பங்கு தள்ளிப்போகும் மாதத்தில் 500. பிபிஓவில் 8,500 மிஞ்சும். தேயிலை விலை கவிழ்ந்து கிடக்கும் வருஷத்தில் வீட்டுக்கு அந்த 3,500 சின்னப் பணம் இல்லை. ஒரு வருஷத்தில் 42,000.


தேவாலா_மழை | ஜூன் 20, இரவு 8.45

கணக்கு சரி, மறுக்க மாட்டேன். வீட்டில் கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் பிபிஓவுக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை, பகலில் எஸ்க்யூஎல் படிக்கலாம். என் நண்பன் அப்படித்தான் வந்தான், மூன்று வருஷம் ஆனது. ஆனால் 45,000 கட்டத் தயாராக இருக்கும் வீடு, 42,000 குறைவாக வாங்கிக்கொண்டு நிஜக் குழாயில் ஒரு வருஷம் கைவைக்கத் தயங்க வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். முடிந்ததும் 'டேட்டா இன்ஜினியர்' என்ற பட்டம் உடனே வராது. ஈடிஎல் (தரவை எடுத்து, மாற்றி, ஏற்றுவது) சப்போர்ட், ரிப்போர்ட்டிங், டேட்டா குவாலிட்டி என்று ஏதோ ஒரு பெயரில்தான் முதல் வேலை வரும். எனக்கு முதல் இரண்டு வருஷம் 'சப்போர்ட் அனலிஸ்ட்'. பெயரைப் பார்க்காதே, எஸ்க்யூஎல் எழுத விடுகிறார்களா என்று பார்.


கோத்தகிரிக்_குளிர் | ஜூன் 25, மாலை 5.20

மேடத்திடம் இலைக் கணக்கைக் காட்டினேன். முக்கால் மணி நேரம். 17ஆம் எண் ஆறு தடவை வந்ததைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார். கார்பன் காப்பியை எப்படி நீக்கினேன், நிஜமாகவே ஒரே நாளில் இரண்டு தடவை ஒரே எடையில் இலை போட்டிருந்தால் என்ன செய்வேன் என்றார். முழித்தேன். "அதை யோசித்துக்கொண்டு வாங்க, ஜூலை 7 சேரலாம்" என்றார்.

ஒப்பந்த எண் வாங்கிவிட்டேன், பிரிவையும் படித்துப் பார்த்தேன். டேட்டா என்ட்ரி இல்லை. அண்ணா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. மண்புழுதி அண்ணாவுக்கும்தான், பணக் கணக்கை அப்பா அவர் எழுதியபடியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.


கோத்தகிரிக்_குளிர் | நவம்பர் 9, காலை 10.15

இழையை மேலே தூக்குகிறேன், மன்னியுங்கள். தீபாவளி முடிந்து வரும்போது மண் சரிந்து கோத்தகிரி ரோடு மூடிவிட்டது, குன்னூர் வழியாகச் சுற்றி வந்தேன். பஸ்ஸில் எழுதத் தொடங்கியது இது.

நாலு மாதம் ஆகிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஸ்பின்னிங் மில்கள். ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் உற்பத்திக் கணக்கு வரும், அதை ஷிப்ட் வாரியாகக் காட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் வெறும் கோப்புகளைச் சரிபார்த்தேன், ஐயா சொன்ன அரம்தான். மூன்றாவது மாதம் ஒரு அறிக்கையை என்னிடம் விட்டார்கள். மாதத்தின் முதல் நாள் காலை அறிக்கையில் மூன்றாம் ஷிப்ட் உற்பத்தி படுத்துக்கிடந்தது. இரவு 12 முதல் காலை 8 வரை எட்டு மணி நேர ஷிப்ட், ஆனால் இரண்டரை மணி நேர நூல்தான் வந்திருந்தது. மில்லில் இருந்து போன், அங்கே சூபர்வைசர் ஆட்களைச் சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு நாள் தேடினேன். நேரமெல்லாம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) பதிவாகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நான் மாற்றாமலே தேதியைப் பிரித்திருந்தேன். நள்ளிரவு 12 முதல் ஐந்தரை வரை ஓடிய நூல் எல்லாம் முந்தின நாளுக்கு, அதாவது முந்தின மாதத்துக்குப் போய்விட்டது. மேடம் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாராம். "நீயே பார்ப்பேன்னு விட்டேன்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் இனிமேல் எந்த நேரத்தைப் பார்த்தாலும் எந்த ஊர் நேரம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

அரசுப் பங்கு இரண்டு மாதம் தள்ளி வந்தது. கணக்குப்பிள்ளை சார் சொன்னபடியே. அந்த இரண்டு மாதம் ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டோடு சரி. வேலை தருவார்களா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜனவரியில் கேட்பேன்.

இன்னொரு விஷயம். காலண்டர் தாளையும் ரசீதையும் ஜாயின் செய்தேனே, அதில் வீட்டு எடைக்கும் ரசீது எடைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதவாரியாக எடுத்தேன். மழை மாதங்களில் ஈரத்துக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பனி காயும் ஜனவரி, பிப்ரவரியிலும் அதே இரண்டு கிலோ போயிருக்கிறது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஏஜென்ட் அண்ணனிடம் காட்டினார். சண்டையெல்லாம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இனிமே கழிவைத் தனியா எழுதித் தர்றேன்" என்றாராம். இந்த மாதம் முதல் ரசீதில் கழிவு என்று ஒரு புதுக் கட்டம் இருக்கிறது. என் அட்டவணையில் அதற்கு இடமில்லை, இன்று புது நெடுவரிசை (column) ஒன்று சேர்க்க வேண்டும்.


தேவாலா_மழை | நவம்பர் 9, காலை 10.40

சேர். பழைய வரிசைகளில் அந்த நெடுவரிசைக்குச் சுழியம் போட்டுவிடாதே, 'நல்' (null, அதாவது மதிப்பு தெரியாது) என்றே விடு. அப்போது கழிவு பிடித்தார்கள், எழுதவில்லை.